கடல் தாண்டியாயிற்று, கம்பம் பாக்கி

சென்னையிலிருந்து கடலடி கேபிள் அந்தமானுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கரையிலிருந்து கிராமத்து வீட்டுக்குள் நுழைவதுதான் நீண்ட பயணம்.

லிட்டில் அந்தமான் தீவில் விலாசம் கேட்டால் கிலோமீட்டரில் பதில் வரும். ஹட் பே ஜெட்டிதான் பூஜ்யம். அங்கிருந்து வடக்கே போகும் ஒரே சாலையில் எத்தனையாவது கிலோமீட்டரில் வீடு என்று சொன்னால் போதும். ஆட்டோக்காரருக்கும் புரியும், தபால்காரருக்கும் புரியும். பயணிகள் தேடிப் போகும் பட்லர் பே கடற்கரை 14-ஆவது கிலோமீட்டர். தீவுக்காரர்களுக்கு எல்லாமே ஜெட்டியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. அரிசி, சிமென்ட், கோழித் தீவனம், மாப்பிள்ளை, மருந்து எல்லாம் கப்பலில்தான் வந்தாக வேண்டும்.

2020 ஆகஸ்டில் அந்த ஜெட்டியைத் தொடாமலேயே ஒரு சரக்கு வந்து இறங்கியது. கடலுக்கடியில் வந்த கண்ணாடி இழை அது. தலைமுடி தடிமனுள்ள அந்த இழை 16-ஆவது கிலோமீட்டரிலோ 20-ஆவது கிலோமீட்டரிலோ இருக்கும் ஒரு தகரக்கூரை வீட்டுக்குள் எப்போது, எப்படி நுழைகிறது என்பது தனிக் கதை.

அந்தமான் நிகோபாரில் மனிதர்கள் வாழும் தீவுகள் 31. 2011 கணக்குப்படி மக்கள்தொகை 3,80,581. அதில் நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தலைநகர் போர்ட் பிளேரின் (2024 செப்டம்பர் முதல் அதிகாரபூர்வப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) வெற்றிமலை முருகன் கோயிலில் நின்றால் ராமநாதபுரத்துப் பேச்சும் திருநெல்வேலிப் பேச்சும் காதில் விழும். இவர்களுக்கு 'ஊர்' என்றால் கடலுக்கு அந்தப் பக்கம். கப்பலில் மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம்; ஆனால் டிக்கெட் விலை கேட்டால் கப்பலே தேவலை என்று தோன்றும்.

ஊரோடு பேசுவது என்பது இங்கே எப்போதும் பெரிய காரியம்தான். தீவில் அரசே நடத்தும் நாளிதழின் பெயரே 'டெய்லி டெலிகிராம்ஸ்'. தந்தி போய் டிரங்கால் வந்தது, டிரங்கால் போய் எஸ்.டி.டி. வந்தது, பிறகு செல்போன் வந்தது. ஆனால் 2020 வரை எல்லாமே போய்ச் சேர்ந்தது வானத்துக்குத்தான். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்தான் தீவுகளுக்கும் நாட்டுக்கும் இடையே ஒரே பாலம். 'ஹலோ' என்ற சொல் மேலே ஏறி இறங்கக் கால் வினாடி, பதில் திரும்பி வர இன்னொரு கால் வினாடி. தாயும் மகனும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, இருவரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருந்து காசைக் கரைத்த அழைப்புகள் எத்தனையோ.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கொள்ளளவுதான் தாங்க முடியாததாக இருந்தது. சென்னையில் ஓர் அடுக்குமாடி வளாகம் பயன்படுத்தும் அளவு அலைவரிசையை ஒரு யூனியன் பிரதேசமே பங்கு போட்டுக்கொண்டது. கார்டு தேய்த்தால் இயந்திரம் யோசிக்கும். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் சுழலும் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். ஊரிலிருந்து வருபவர்களிடம் முறுக்கு, கருவாட்டோடு ஹார்ட் டிஸ்க்கில் சினிமாவும் கேட்பது வழக்கமாகவே இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-லேயே தனியார் கடலடி கேபிள் போய்விட்டது. அடுத்து இன்னும் சில. சென்னைக்கும் மலாக்கா நீரிணைக்கும் நடுவே கோடு கிழித்தால் அது இந்தத் தீவுக்கூட்டத்தை ஊடுருவியோ ஒட்டியோதான் போயாக வேண்டும். இந்தியாவின் சாஃப்ட்வேர் வியாபாரத்தில் ஒரு பகுதி அந்தமான் கடலின் அடியில் ஓடிக்கொண்டிருந்தபோது, மேலே தீவில் இருந்தவர் ஈமெயில் திறக்க விடியற்காலைக்கு அலாரம் வைத்தார். அவருக்காக நடுவழியில் ஒரு கிளை பிரிக்க எந்த நிறுவனத்துக்கும் வியாபாரக் காரணம் இருக்கவில்லை.

காரணத்தைக் கடைசியில் அரசுதான் தேட வேண்டியிருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014-ல் கடலடி கேபிள் போடச் சொல்லிப் பரிந்துரைத்தது. 2018 டிசம்பர் 30-ம் தேதி போர்ட் பிளேரில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி, கொரோனா நடுவே, டெல்லியிலிருந்து வீடியோ மூலம் திறந்துவைத்தார். சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள். செலவு ஏறக்குறைய 1,224 கோடி ரூபாய். பி.எஸ்.என்.எல். நிறைவேற்றியது, கடலில் இறக்கியது ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே வினாடிக்கு இருமுறை 200 ஜிகாபிட், தீவுகளுக்கிடையே இருமுறை 100 ஜிகாபிட் என்பது திட்டம். கரையேறும் இடங்கள் எட்டு: போர்ட் பிளேர், ஸ்வராஜ் தீப் எனப் பெயர் மாறிய ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், காமோர்ட்டா, கிரேட் நிகோபார்.

தலைக்கு வகுத்தால் 32,000 ரூபாய் வருகிறது. இதை எந்த வங்கியும் லாபக்கணக்கில் ஏற்காது. பணம் வந்தது யுனிவர்சல் சர்வீஸ் நிதியிலிருந்து; அதாவது தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயிலிருந்து 5 சதவீதம் கட்டும் நிதி. சுற்றி வளைத்துச் சொன்னால், மதுரையிலும் தாராவியிலும் ரீசார்ஜ் செய்தவர்கள் எல்லோரும் இந்தக் கேபிளுக்குக் கொஞ்சம் காசு போட்டிருக்கிறார்கள். யாரும் வருத்தப்பட வேண்டிய செலவு இல்லை.

ஆழ்கடலில் இந்தக் கேபிள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் அளவுதான். நங்கூரமும் வலையும் படக்கூடிய கரையோரத்தில் மட்டும் இரும்புக் கம்பிக் கவசம், மண்ணுக்குள் புதைப்பு. வழியில் ஒளி களைத்துப் போகாமல் தூக்கிவிட ரிப்பீட்டர்கள். அவற்றுக்கான மின்சாரம் கரையிலிருந்து கேபிளுக்குள்ளேயே போகிறது. கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்குப் போய்த் திரும்ப வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. பேச்சு ஒன்றோடொன்று மோதுவது நின்றது.

கரை வரை சரி. அங்கிருந்து?

தொலைபேசி நிலையத்தில் ஒரு கருவி ஒளியை அனுப்புகிறது. ஓர் இழை சாலையோரமாக வந்து, கம்பத்தில் மாட்டிய சிறு டப்பாவுக்குள் 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிகிறது. அந்த டப்பாவுக்கு மின்சாரம் தேவையில்லை. உள்ளே இருப்பது வெறும் கண்ணாடிதான். அங்கிருந்து வீட்டுக்குக் கறுப்பு நிற டிராப் கேபிள். சென்னையில் இது அரைநாள் வேலை. தீவுக் கிராமத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பாக்குத் தோப்பும் தென்னந்தோப்பும் ஓடையும் கிடக்கின்றன. கம்பம் இல்லாத இடத்தில் பாக்கு மரமே கம்பம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை கொட்டும் ஊரில் மரத்தை நம்பி இழுத்த கேபிளின் ஆயுள் அந்த மரத்தின் ஆயுள்தான்.

வேலைக்கு வருபவர் கையில் இருப்பவை ஏணி, ஸ்ப்ளைசிங் மெஷின், பவர் மீட்டர். இழையின் நுனியைச் செங்குத்தாக வெட்டி, இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். தாமிரக் கம்பி மாதிரி முறுக்கிக் கட்டினால் வேலைக்காகாது. ஒரு தூசி போதும், ஒளி பாதியாகிவிடும். பிறகு மீட்டரைப் பார்க்க வேண்டும். மைனஸ் 20 என்றால் நல்ல வெளிச்சம். மைனஸ் 27-ஐத் தாண்டினால் பெட்டியில் சிவப்பு விளக்குதான். ஜன்னல் ஓரத்தில் ஆணி அடித்து, மிச்சக் கேபிளை இறுக்கமாக மடித்துச் சுற்றிவைக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அந்த மடிப்பில் ஒளி கசிந்துவிடும். சென்னையிலிருந்து கடல் தாண்டி வந்தது கடைசி ஆணியில் செத்துப்போகும்.

பச்சை விளக்கு எரிந்த பிறகும் கவலை தீராது. பழைய தாமிரத் தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டில் கரண்ட் போனால் பெட்டி அணையும், அதோடு பேச்சும் நிற்கும். தீவுகள் தேசிய மின்தொகுப்போடு இணையாதவை. பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்தான். அந்த டீசலும் கப்பலில் வருவது. (நெய்வேலி என்.எல்.சி. போர்ட் பிளேர் பக்கம் 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்திருக்கிறது. நிலக்கரிக்காரர்கள் கடல் தாண்டி வந்து சூரியனைப் பிடித்தது நல்ல சேதிதான்.) ஆகவே கிராமத்து வீட்டில் இணைய இணைப்பு என்றால் கூடவே ஒரு சிறு பேட்டரியும் வாங்க வேண்டும்.

எட்டுக் கரைகளில் பெயர் இல்லாத தீவுகளின் பாடு வேறு. கச்சால் தீவை எடுத்துக்கொள்ளலாம். 1964-ன் சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. மலையகத்தை விட்டு மண்டபம் முகாம் வழியாகப் போன எத்தனையோ பேரில், நிகோபார் வரை தள்ளப்பட்டவர்கள் இவர்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி மிக மோசமாக அடித்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. கேபிள் கரையேறுவது பக்கத்துத் தீவான காமோர்ட்டாவில். இடையே இன்னொரு கடல் இருக்கிறது. தெரசா, சௌரா, லிட்டில் நிகோபார் பெயர்களும் அந்த எட்டில் இல்லை. கேபிள் தொடாத தீவுக்கு வானலையும் செயற்கைக்கோளும்தான் கதி.

நிலத்திலும் தடைகள் உண்டு. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே டிக்லிபூர் போகும் அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா பழங்குடியினரின் காட்டைப் பிளந்து போகிறது. வாகனங்கள் ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் காத்திருந்து, குறித்த நேரத்தில் போலீஸ் பாதுகாப்போடு வரிசையாகத்தான் போக முடியும். அந்தப் பகுதியை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; சாலை மூடப்படவில்லை. வடக்கே ரங்கத் வரை கேபிள் கடல்வழியே போய்விட்டது. சாலையும் அப்படிக் கடலைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஜாரவாக்களுக்கு எவ்வளவோ நல்லதாகியிருக்கும்.

இன்னொரு பயம் கடலடியில் இருக்கிறது. சென்னையிலிருந்து 2020-ல் வந்தது ஒற்றைக் கேபிள். 'எம்டன்' என்றால் கெட்டிக்காரன் என்று இன்றும் சொல்லும் தமிழர்களுக்கு அந்தக் கப்பலின் முடிவு அவ்வளவாகத் தெரியாது. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய அந்த ஜெர்மன் கப்பல், நவம்பரில் கோகோஸ் தீவுகளில் ஆட்களை இறக்கியது கடலடித் தந்திக் கேபிளை வெட்டத்தான். அதற்குள் அங்கிருந்து செய்தி போய்விட, ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்து எம்டனை முடித்துவிட்டது. இன்று எம்டன் தேவையில்லை. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்தபோது டோங்கா நாட்டின் ஒரே வெளிநாட்டுக் கேபிள் அறுந்தது. சரிசெய்ய ஐந்து வாரம் ஆயிற்று. வெளிநாட்டில் இருந்த டோங்கா மக்களுக்கு வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியவே நாள்கள் பிடித்தன. இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலையான பேரன் தீவு போர்ட் பிளேரிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. சுனாமியில் கிரேட் நிகோபாரின் இந்திரா முனை சுமார் 4 மீட்டர் கீழே இறங்கியது. கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி இப்போது தண்ணீரில் நிற்கிறது. பழைய செயற்கைக்கோள் தட்டுகளைக் கழற்றி எடைக்குப் போடாமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

கேபிளின் அருமை முதலில் தெரிந்தது 2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது. பாடம் போனுக்குள் போய்விட்ட நேரத்தில், கம்பம் வந்த வீட்டுப் பிள்ளைக்கும் வராத வீட்டுப் பிள்ளைக்கும் நடுவே திடீரென்று ஒரு கடல் உண்டானது. மருத்துவத்தில் பழைய அனுபவம் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்திலேயே இஸ்ரோ உதவியுடன் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையோடு செயற்கைக்கோள் வழியே இணைக்கப்பட்டது. தலைநகருக்குக் கிடைத்தது ஹட் பேக்கும் காம்ப்பெல் பேக்கும் கிடைத்தால், ஒரு ஸ்கேன் படத்தைக் காட்டுவதற்காக நோயாளி கப்பல் ஏற வேண்டியதில்லை. படத்துக்குப் பிறகு அறுவை சிகிச்சை என்றால் ஏறித்தான் ஆக வேண்டும்.

தீவில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும். கடிகாரம் மட்டும் டெல்லியைப் பார்த்து நடக்கும். பச்சை விளக்கு எரியும் வீடுகளில் காலையில் பெட்டியை வைத்து முதலில் பார்ப்பது சினிமாவும் இல்லை, செய்தியும் இல்லை. இன்று கப்பல் உண்டா, காற்று எப்படி, டிக்கெட் இருக்கிறதா?