வலியை அணைக்கிற ஆளி யாரிட்டை இருக்கு?

அம்மா நாரி நோவுக்குப் பத்து வருசமாக் குளிசை போடுறா. கிளினிக்கில இல்லாததை வெளியில வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் குடுப்பினம். விலை கூடினால் அந்த மாசம் பனடோல்தான். நான் கலைப்பீடம். ஆனாலும் நாட்பட்ட வலிக்கு மரபணு சிகிச்சை என்று எங்கே கண்டாலும் வாசிக்காமல் விடுறேல்லை.

கதை வட பாகிஸ்தானில் தொடங்குகிறது. அங்கே ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டினான். கைக்குள்ளால் கத்தியைச் செலுத்துவான், தணலில் நடப்பான். நோவு என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. பதினான்கு வயது நிரம்பமுதல் கூரையிலிருந்து குதித்துச் செத்துப்போனான். அவனைப்போல வலி தெரியாதவர்கள் இருந்த மூன்று குடும்பங்களை ஆராய்ந்து, எஸ்சிஎன்9ஏ என்ற ஒற்றை மரபணு வேலை செய்யாததே காரணம் என்று 2006இல் வெளியிட்டார்கள். வலிக்கு ஒரு ஆளி இருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவானது.

2021இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள், கிரிஸ்பர் மூலம் அந்த மரபணுவை வெட்டாமல் அடக்கிவைத்து, சுண்டெலிகளின் வலியை மாதக்கணக்கில் குறைத்துக் காட்டினார்கள். அவர்களில் சிலர் நவேகா என்ற கொம்பனியையும் தொடங்கியிருந்தார்கள்.

இங்கேதான் காசு வருகிறது. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டின் பெய்-டோல் சட்டப்படி, அரச நிதியில் கண்டுபிடித்ததற்கும் பல்கலைக்கழகம் ஆக்கவுரிமை எடுக்கலாம். ஒரே கொம்பனிக்கு லைசன்ஸ் கொடுக்கலாம். அதில நியாயமும் இருக்கு. மனிதரில் பரிசோதிக்கக் கோடிக்கணக்கில் செலவு. நாளைக்கு ஆரும் கொப்பியடிக்கலாமெண்டால் ஆர் முதல் போடுவினம்? ஆனால் பிறகு விலையும் அவர்கள் கையில்தான். ஹீமோபிலியா-பி நோய்க்கு 2022இல் வந்த ஹெம்ஜெனிக்ஸ் மரபணு சிகிச்சைக்கு 35 இலட்சம் டொலர்.

மருந்து வரட்டும், பிறகு விலைக்குச் சண்டை பிடிப்பம் என்று நினைக்கலாம். அப்ப பிந்திப்போயிடும். லைசன்ஸில் கையெழுத்து வைக்கும்போதே, வறிய நாடுகளுக்குக் குறைந்த விலை என்று ஒரு வரி எழுதவேணும். டி4டி என்ற எயிட்ஸ் மருந்தின் ஆக்கவுரிமை யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது; லைசன்ஸ் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குயிப்பிடம். தென்னாபிரிக்க நோயாளர்களுக்கு வாங்க ஏலாத விலை. 2001இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கேட்டது, யேல் மாணவர்கள் நெருக்கினார்கள், அதை எயிட்ஸுக்கு மருந்தாக்கியவர்களில் ஒருவரான வில்லியம் புரூசோஃப் அவர்கள் பக்கம் நின்றார். கொம்பனி இறங்கி வந்தது.

அவையளும் கம்பஸ் பிள்ளையள்தான். ஒரு ஒப்பந்தத்தில என்ன எழுதியிருக்கெண்டு கேட்க, விஞ்ஞானம் படிச்சிருக்க வேணுமெண்டு இல்லை.