பதினாலு மாடியில் ஒரு புள்ளி

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆறு வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் தாயாரின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு கட்டுத் தபால் கார்டுகளை எடுத்துப் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்தவள் நான்தான். செய்தித்தாள், பையனின் நோட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றோடும் சேர்த்து அறுபத்து நாலு ரூபாய் கிடைத்தது. அந்தப் பணத்துக்குக் கறிகாய் வாங்கினேன். வாங்கிய முருங்கைக்காய் முற்றல் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். வீடு மாற்றிப் பார்த்த சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் கணவருக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம் ஆயிற்று. திருவல்லிக்கேணியிலிருந்து தினம் போய் வந்தால் மனுஷர் பாதி ஆளாகி விடுவார் என்று ஸ்ரீபெரும்புதூரில் வீடு பார்த்தோம். அம்மாவும் எங்களோடு வந்தாள். முப்பது வருஷத்துச் சாமானை ஒரு லாரியில் அடக்க வேண்டும். பரணில் ஏறியவள், அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே இருந்தவை படக் கார்டுகள். நானும் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு போட்டு விடவில்லை, தரம் பிரித்தேன்! மதுரைக் கோபுரம், ஊட்டித் தோட்டம், தாஜ்மகால், கன்னியாகுமரி சூரியோதயம் இவற்றையெல்லாம் பத்திரமாக ஒரு பக்கம் வைத்தேன். ஓர் அணைக்கட்டு, ஏதோ ஓர் ஊர் பஸ் நிலையம், விமான நிலையத்தின் முகப்பு, மௌண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் இவையெல்லாம் மறுபக்கம். இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மறுபக்கத்தைத் தராசில் ஏற்றினேன்.

மூன்றாம் நாள் அம்மா பெட்டியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் துழாவினாள். "ஏண்டி, இதிலே எல்.ஐ.சி. கட்டடம் போட்டு ஒரு கார்டு இருந்ததே?" என்றாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "சரி, போகட்டும்" என்று பெட்டியை மூடி விட்டுச் சமையற்கட்டுக்குப் போய் விட்டாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கார்டின் கதை எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. 1986-ல் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நிச்சயதார்த்தம் ஆயிற்று. அம்மா கும்பகோணத்தில், அப்பா சென்னையில், அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்தில் குமாஸ்தா. நிச்சயம் ஆன பெண்ணுக்குக் கவர் ஒட்டிக் கடிதம் எழுதினால், 'அப்படி என்ன ரகசியம்?' என்று வீட்டில் புருவத்தை உயர்த்துவார்கள். ஆகவே அப்பா பிளாட்பாரத்தில் ஒரு படக் கார்டு வாங்கி எழுதினார். கார்டு என்றால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது பாருங்கள்! தபால்காரர் முதல் தாத்தா வரை எல்லாரும் படித்து விட்டுத்தானே அது உரியவர் கைக்கு வரும்? ஆஸ்திரியா-ஹங்கேரியில் 1869-ல் கார்டு முதன் முதலாக வெளி வந்தது. நம் நாட்டுக்கு 1879 ஜூலை முதல் தேதி, கால் அணா விலையில் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்தே அது ஊரறிந்த கடிதம்தான். அப்பா எழுதியிருந்ததும் இரண்டே வரி. 'சௌக்கியம். படத்தில் மசிப்புள்ளி வைத்திருக்கும் ஜன்னலருகேதான் என் மேஜை.' அவ்வளவுதான். படத்தைத் திருப்பினால், ஒன்பதாம் மாடியில் ஒரு நீலப் புள்ளி.

அப்பா இப்போது இல்லை. 2009-ல் காலமாகி விட்டார். அவர் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் எழுதியது அந்த ஒரு கார்டுதான். அதைத்தான் நான் முருங்கைக்காய்க்கு மாற்றினேன்.

பேப்பர்காரரிடம் ஓடினேன். "அது அன்றைக்கே லாரி ஏறிப் போச்சேம்மா" என்றார். பிறகு பத்திரிகை வேலையாகச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் தேட ஆரம்பித்தேன். மூர் மார்க்கெட் இருந்த காலமானால் ஒரு நடையில் முடிந்திருக்கும். அதுதான் 1985-ல் எரிந்து போயிற்றே! அல்லிக்குளத்துக் கடைகள், பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதை, தபால் தலை சேகரிப்பவர்கள் கூடும் இடங்கள் எல்லாம் அலைந்தேன். அப்பாவின் கார்டே கிடைத்து விடும் என்று நம்ப நான் அவ்வளவு அசடு இல்லை. அதே படம் போட்ட வேறொரு கார்டு கிடைத்தாலும் போதும் என்று இருந்தேன்.

தேடும்போதுதான் இந்த உலகத்தின் வழக்கம் தெரிந்தது. பழைய கார்டுகளில் அழகானவற்றுக்கு நல்ல விலை. முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனியில் அச்சாகி வந்த வர்ணக் கார்டுகள், ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட சென்னைக் காட்சிகள், இவற்றையெல்லாம் கண்ணாடிக் காகிதத்தில் போட்டு வைத்திருப்பார்கள். தொட்டால் கடைக்காரர் முகம் மாறும். நான் தேடும் ரகம் கடைக்குக் கீழே, செருப்பு வந்த அட்டைப் பெட்டியில், தூசியோடு கிடக்கும். இரண்டு வருஷம் கழித்து அப்படி ஒரு பெட்டியில்தான் எல்.ஐ.சி. அகப்பட்டது. "இதையா கேட்கிறீங்க? இருபது ரூபாய் கொடுங்க, போதும்" என்றார் கடைக்காரர், என் புத்தியைப் பற்றிச் சற்றுக் கவலையோடு.

பின்புறம் யாரோ யாருக்கோ எழுதியது. முத்திரையில் 1968 என்று தெரிந்தது. முத்திரை மங்கியிருந்தாலும் இத்தகைய கார்டுகளின் வயதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. விலாசத்தில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிற்பட்டது; அன்றுதான் அந்த ஆறு இலக்கம் பிறந்தது. தபால் தலையில் 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். 'மதராஸ் ஸ்டேட்' என்று அச்சிட்டிருந்தால், 1969-ல் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முன்னால். இதையெல்லாம் கற்றுக்கொண்டதில் எனக்கு ஒரு சின்ன கர்வமே வந்து விட்டது. என் கணவர் சாம்பார் ஆறுகிறது என்று நினைவூட்டும் வரை பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

சரி, அந்தக் கார்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'நான் குடையை உங்கள் வீட்டில் மறந்து வைத்து விட்டேன். யாராவது வந்தால் கொடுத்தனுப்பவும்.' பதினாலு மாடிப் பிரமாண்டத்தின் முதுகில் ஒரு குடை!

அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். கீழிருந்து நகத்தால் மாடிகளை எண்ணினாள். நடுவில் தப்பிப் போய் மறுபடி எண்ணினாள். பிறகு பையனின் பெட்டியிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, ஓர் ஜன்னலில் அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள். 1968-ஆம் வருஷத்துக் கார்டில்! சேகரிப்பவர்கள் யாராவது பார்த்திருந்தால் அங்கேயே மூர்ச்சை போட்டிருப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கார்டு இப்போது எங்கள் பூஜை அலமாரியில், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிற்கவில்லை. அந்தச் செருப்புப் பெட்டிகளின் ருசி பிடித்து விட்டது. இன்று என்னிடம் அப்படிப்பட்ட கார்டுகள் இருநூற்றுக்கு மேல் இருக்கின்றன. மீனம்பாக்கம் விமான நிலையம், மேட்டூர் அணை, ஜெமினி மேம்பாலம் என்று ஒன்றுகூடக் 'கண்ணுக்கு விருந்து' கிடையாது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? கோபுரம் படம் போட்ட கார்டில் கோபுரத்தைத்தான் பார்ப்பீர்கள். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இருக்காது. பஸ் நிலையக் கார்டில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததால் எல்லாவற்றையும் பார்ப்பீர்கள்! ஓரத்தில் ஓர் அம்மாள் இடுப்பில் குழந்தையோடு வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளை யாரும் படம் எடுக்க நினைக்கவில்லை. கட்டடத்தை எடுத்தார்கள், இவள் வந்து விட்டாள். அவளுக்கே அது தெரிந்திருக்காது. அவள் புடைவைக் கட்டும், பக்கத்தில் நிற்கும் சைக்கிள் ரிக்ஷாவும், சுவரில் எழுதிய விளம்பரமும் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கிடைக்காது. லண்டனில் சோயாஸ் கல்லூரியில் 2018-ல் சென்னை, பெங்களூர்ப் பழைய படக் கார்டுகளை வைத்தே நகரங்களின் கதையைச் சொல்லி ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஆக, பைத்தியம் எனக்கு மட்டுமில்லை.

எனக்கும் மூத்த பைத்தியம் ஒருவர் இருந்தார். மார்ட்டின் பார் என்று இங்கிலாந்தில் ஒரு பெரிய புகைப்படக்காரர். 1999-ல் அவர் 'போரிங் போஸ்ட்கார்ட்ஸ்' என்று, அதாவது சலிப்பூட்டும் கார்டுகள் என்று, பேர் வைத்தே ஒரு புத்தகம் போட்டார். புரட்டினால் மோட்டார் சாலை, சாலையோரச் சிற்றுண்டிச் சாலை, பஸ் நிலையம், அடுக்கு வீடுகள். வியாக்கியானம் கிடையாது. அடுத்தடுத்து அமெரிக்கச் சலிப்புக்கு ஒன்று, ஜெர்மன் சலிப்புக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு போட்டார். ஜனங்கள் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். லண்டனிலிருந்து வடக்கே போகும் 'எம்-1' என்ற சாலையை 1959 நவம்பரில் திறந்தார்கள். எங்கள் எல்.ஐ.சி. கட்டடத்தை மொரார்ஜி தேசாய் திறந்து வைத்ததும் அதே 1959-ல், ஆகஸ்டில்தான். அங்கே அப்படி ஒரு சாலையில் காரில் போனதையும், இங்கே பதினாலு மாடியை அண்ணாந்து பார்த்ததையும் ஊருக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று மனுஷர்களுக்கு ஆசை இருந்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர்களின் கார்டுதான் இன்று நமக்குச் சலிப்புக் கார்டு!

இப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் என்றால் உடையவர் அவதரித்த ஸ்தலம். 2017-ல் அவருடைய ஆயிரமாவது ஆண்டுக்குத் தபால் தலையே வெளியிட்டார்கள். கோயிலுக்குப் படத்துக்குக் குறைவில்லை. ஆனால் கோயில் வாசலைத் தாண்டினால்? இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்தது. 2006-ல் நோக்கியா டெலிபோன் வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்த்தார்கள். 2014-ல் மூடியும் விட்டது. ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸ்ஸான், பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்பீல்டு. எங்கு பார்த்தாலும் நீளமான சுவர், நீலத் தகரக் கூரை, வரிசையாகக் கம்பெனி பஸ். இத்தனை பெரிய ஊருக்கு ஒரு படக் கார்டு உண்டா? நான் தேடிப் பார்த்து விட்டேன். எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கைக்குக் கை டெலிபோனில் காமிரா இருக்கிறதே என்பீர்கள். பல தொழிற்சாலைகளில் வாசலிலேயே அந்தக் காமிராக் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டி விடுகிறார்கள். வெளியே எடுத்ததோ, டெலிபோன் பழுதானால் அதோடு போய் விடுகிறது. தராசுக்குக்கூட வராது.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர்களுக்கென்று 2024 ஆகஸ்டில் ஒரு விடுதி திறந்தார்கள். பதின்மூன்று கட்டடம், பத்துப் பத்து மாடி. கட்டடத்துக்கு 240 அறை, அறைக்கு ஆறு பேர். மொத்தம் 18,720 பேர் தங்கலாம். பத்திரிகைக்காகப் பார்க்கப் போனவள், திரும்பும்போது சாலையில் நின்று ஒரு படம் எடுத்தேன். படத்தில் கட்டடமும், ஜன்னல்களும், இரண்டு பஸ்ஸும்தான். பரம சலிப்பான படம்! பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு ஸ்டூடியோவில் பத்துப் பிரதி போட்டேன். வழவழப்பான தாளின் முதுகில் மசி நிற்கவில்லை. தடித்த அட்டையில் ஒட்டிக் கோடு கிழித்துக் கார்டாக்கினேன்.

எங்கள் தெருத் தையல்காரம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ரவிக்கை தைக்க வரும் ஒரு பெண், அந்த விடுதியில் இருப்பவள். போளூர்ப் பக்கம் கிராமம். கார்டைப் பார்த்ததும் "இது எங்க பில்டிங் ஆச்சே அக்கா!" என்று கையில் வாங்கினாள். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு எனக்குத் தருவீங்களா? பாட்டிக்கு அனுப்பணும். டெலிபோன்லே காட்டினா அதுக்குக் கண்ணு தெரியலே" என்றாள். கொடுத்தேன். பேனாவும் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக! அவளாகவே மாடிகளை எண்ணி, எட்டாவதில் ஒரு ஜன்னலைச் சுற்றி வட்டம் போட்டாள். நானே தபால் தலை ஒட்டிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்தாள். கார்டு போய்ச் சேர்ந்து விட்டதாம். பாட்டி அதைத் தெருவெல்லாம் காட்டி விட்டு, பள்ளிக்கூடப் பையன் ஒருவனை விட்டு டெலிபோன் போடச் சொல்லி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "அத்தனை ஒசரத்திலே, அந்த ஜன்னலுக்குக் கம்பி இருக்கா?"

நான் சிரித்து விட்டேன். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் அதைத்தாண்டி கேட்டா" என்றாள்.