பத்து அங்குலம்

மார்ச் 4, செவ்வாய்

தங்கையைப் பார்த்துவிட்டு வந்தேன். முன்னே சென்ற லாரி சட்டென்று நின்றதால் அதன் பின்புறத்தில் இவள் கார் மோதியதாம். சீட் பெல்ட் அணிந்திருந்தமையால் தலைக்கும் மார்புக்கும் சேதமில்லை என்று டாக்டர் சொன்னாலும், விலகுவதற்காக ஸ்டியரிங்கை ஒடித்தபோது அதன் நடுவே குறுக்காகச் சென்ற வலக்கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. இடது முன்கையிலோ தோல் உரிந்து, துணியின் நெசவு அப்படியே பதிந்து கிடக்கிறது.

"லாரி ஒண்ணும் பண்ணலே அண்ணா, ஏர்பேக்தான் அடிச்சுப் போட்டுது. உள்ளே ஒரே புகை, வண்டி தீப்பிடிச்சிட்டுதுன்னே நெனச்சேன்" என்றாள். மடிப்புகள் ஒட்டாதிருக்கத் தூவும் மாவும், வாயுவை உண்டாக்கும் ரசாயனத்தின் தூசியும் கலந்ததே அந்தப் புகை.

மார்ச் 5, புதன்

ஒடுங்கிக் கிடக்கும் பை, ஒரு வினாடியின் ஆயிரத்தில் சுமார் முப்பது பங்குக்குள், மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் மூடியைப் பிளந்துகொண்டு புறப்படுகிறது; கண் இமைப்பதற்கே அதைவிட அதிக அவகாசம் வேண்டியிருப்பதால், அது திறந்த விழியின்மேல் அறைந்து கருவிழி சிராய்ப்பதும், உள்ளே ரத்தம் கசிவதும் உண்டு. பழைய பைகளில் சோடியம் அசைடு நைட்ரஜனாக மாறியபின் மிஞ்சும் காரப்பொருள் கண்ணில் பட்டால், தாமதமின்றி நெடுநேரம் நீர்விட்டுக் கழுவவேண்டும். ஆயினும் பேரபாயம் முதல் இரண்டு மூன்று அங்குலத்திலேயே அடங்கியிருக்கிறது. அதற்கு அப்பால் இருப்பவரை, அறைய வந்த பையே அணைத்துக்கொள்கிறது.

மார்ச் 8, சனி

இந்த விபரீதத்தை அமெரிக்கர்கள் பிராணனைக் கொடுத்துக் கற்றார்கள். பெல்ட் அணியாத, நடுத்தர உருவமுள்ள ஆண் பொம்மையை மணிக்கு 30 மைல் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்து, அவனைக் காப்பதற்கென்று வகுத்த பலத்தை, ஸ்டியரிங்கை ஒட்டி உட்காரும் குள்ளமான பெண்மணிகளும் முன் சீட்டுக் குழந்தைகளும் தாங்க நேர்ந்தது. 1990 முதல் 2008 வரை, குறைந்த வேக மோதல்களில் பையினாலேயே மாண்டவர்கள் 290-க்கும் மேல் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பெல்ட்டைச் சரிவர அணியாதவர்கள். வண்டிகளும் பெரும்பாலும் 1998-க்கு முற்பட்டவை, ஏனெனில் உக்கிரத்தைத் தணிக்க 1997-ல்தான் அனுமதி பிறந்தது. அதே பைகள் 2017 வரை 50,000-க்கும் அதிகமான உயிர்களைக் காத்தன என்ற கணக்கும் இருப்பதால் பையை நான் பழிக்கமாட்டேன். ஒருவனுடைய அங்கத்தை மனுஷ்ய ஜாதி முழுமைக்கும் அளவுகோலாக்கிய அலட்சியத்தை எவ்வாறு பழிக்காதிருப்பது? (டக்காட்டா கம்பெனியின் பைகளில் அமோனியம் நைட்ரேட் உஷ்ணத்திலும் ஈரத்திலும் கெட்டு, உலோகக் கூடே சிதறிக் கழுத்தைக் கிழித்தது தனிக் கதை, பரிசோதனை விவரங்களைத் திரித்த குற்றத்தைக் கம்பெனியே 2017-ல் ஒப்புக்கொண்டது.)

ஏப்ரல் 6, ஞாயிறு

புதுப் பையே வேண்டாமென்று தங்கை வாதாடியதை மெக்கானிக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, முதுகைச் சற்றே சாய்த்து, பை முகத்தை நோக்காதபடி ஸ்டியரிங்கைக் கீழிறக்கினார். மைத்துனர் ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து அவள் மார்பெலும்பு வரை டேப் பிடித்தார்: முன்பு ஏழு அங்குலம் இருந்தது, இப்போது அமெரிக்கர் சொல்லும் பத்து அங்குலம் ஆயிற்று. ஆனால் கிளட்ச் எட்டவில்லை.

"கியர் இல்லாத வண்டியா வாங்கிடுங்க அக்கா" என்றார் மெக்கானிக். தங்கை உற்சாகத்தோடு விலை விசாரிக்கத் தொடங்கியதும், மைத்துனர் அவசரம் அவசரமாக டேப்பை விரித்து இன்னொரு தரம் அளக்கலானார்.