எஞ்சின் நின்றால் எந்த வயல்?



தரம் 10 பிள்ளைகளுடன் ஒலுவில் துறைமுகத்தில் நின்றபோது மேலே ஒரு சின்ன விமானம் போனது. "சேர், இதுட எஞ்சின் நின்டா எங்க இறக்குவாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஆகாயப் பேச்சு வந்தால் நம்மட ஊர்களில் மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் நினைவும் கூடவே வரும். இந்தத் துறைமுகத்தைக் கனவு கண்ட மனிதர், 2000 செப்டெம்பர் 16இல் அரநாயக்க மலையில் ஹெலிகொப்டர் விழுந்து மௌத்தானார். கேள்வியைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. தேடிப் படித்து வகுப்பில் பேசினோம்.

எஞ்சின் நின்றதும் விமானம் கல்லுப்போல விழாது. நாலு பேர் போகும் செஸ்னா 172, 3,000 அடி உயரத்தில் இருந்தால் சறுக்கிக்கொண்டே சுமார் 8 கிலோமீட்டர் போகும். ஒலுவிலிலிருந்து நிந்தவூரை எட்டலாம். ஆனால் கையில் இருப்பது நாலு நிமிடம். இடத்தை உடனே தெரிவு செய்ய வேண்டும். இன்னும் நல்ல இடம் இருக்குமோ என்று சுற்றினால் உயரம் போய்விடும்.

பிள்ளைகள் எல்லோரும் சொன்னது கடற்கரை. 2021 டிசம்பரில் பயாகல கரையில் ஒரு செஸ்னா அப்படித்தான் இறங்கியது. நம்மட கரையில் முடியுமா? துறைமுகத்துக்கு வடக்கே கடலரிப்பில் கரை ஒடுங்கிவிட்டது, கல்லும் கிடக்கிறது. பின்னேரமானால் சனம். எஞ்சின் நின்ற விமானம் சத்தமில்லாமல் வரும், விளையாடும் பிள்ளை திரும்பிப் பார்க்காது.

அப்போ வட்டைதான். இங்கே வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். பெரும்போகத்தில் தண்ணி நிற்கும் பச்சை வயல் மேலிருந்து மெத்தை மாதிரித் தெரியும். முன்சக்கரம் சேற்றில் புதைந்தால் விமானம் தலைகீழாகப் புரண்டுவிடும். மார்ச்சுக்குப் பிறகு வெட்டிக் காய்ந்த வயல் எவ்வளவோ மேல். அதிலும் வரம்பை வெட்டிக் குறுக்கே ஓடக்கூடாது, வரம்போடு ஒட்டி நீளவாக்கில் இறங்க வேண்டும். காற்றுக்கு எதிராக இறங்கினால் வேகம் குறையும்: வாடை என்றால் கடலைப் பார்த்து, கச்சான் என்றால் மலைப்பக்கம் பார்த்து. வைக்கோல் எரிக்கும் புகை காற்றைக் காட்டிக்கொடுக்கும். மின்கம்பி மேலிருந்து தெரியாது, கம்பங்களைத்தான் தேட வேண்டும்.

"நெல்லு நின்டா அதுக்கு ஆரு சேர் காசு தருவாங்க?" என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது. நியாயமான கேள்விதான்! ஆனால் அந்த நேரம் விமானி தன் விமானத்தையே கைகழுவிவிடுவார். இறக்கை வரம்பில் அடிபட்டு முறிந்தாலும் பரவாயில்லை, ஆட்கள் இருக்கும் பகுதி தப்பினால் போதும். தரையைத் தொடுமுன் எரிபொருளை அடைத்து, கதவு நெளிந்து இறுகிவிடாதபடி திறந்தும் வைப்பார்.

வட்டைக்குள் நிற்பவர்கள் நாங்கள். அப்படியொன்று இறங்கினால் முதலில் ஓடிப்போவதும் நாங்கள்தான். பீடி, சிகரட் வேண்டாம். விசிறிப் பக்கம் போகாமல் பின்பக்கமாக வாருங்கள். வீடியோ எடுக்குமுன் 1990க்கு அடித்து, எந்த வாய்க்கால் ரோட்டால் அம்புலன்ஸ் வரலாம் என்று சொல்லுங்கள்.