தெளிவின் ஆழம்

மனித முகத்தைப் படமெடுக்க ஒரு சாண் ஆழத்துக்குத் தெளிவு கிடைத்தால் போதும். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரின் நீளமோ ஏறத்தாழ 4.3 மீட்டர். 35 மில்லிமீட்டர் காமிராவில் 50 மில்லிமீட்டர் லென்சைப் பொருத்தி, 5 மீட்டர் தொலைவிலுள்ள முகப்பு விளக்கைக் குறிவைத்து, துவாரத்தை 2 என்னும் எண்ணில் அகலத் திறந்தால், சுமார் 1.2 மீட்டர் ஆழமே துலங்கும். விளக்கு மின்னும், பின் இருக்கை பனிமூட்டமாகும்.

அண்டை வீட்டுப் பெரியவர் தம் அம்பாசிடரை விற்குமுன் என்னிடம் ஒன்றே கேட்டார்: "தம்பி, பின் சன்னலும் தெளிவா விழணும். அவ அங்கேதான் உட்காருவா." மறைந்த மனைவியைச் சொன்னார்.

துவாரத்தை 11-க்குச் சுருக்கினேன். 3 மீட்டரிலிருந்து 14 மீட்டர்வரை தெளிவு விரிந்தது; நுழையும் ஒளியோ முப்பதில் ஒரு பங்காயிற்று. எனவே காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தேன். 22 வரை சுருக்கலாமே எனில், அத்தனை சிறு துளையில் ஒளி சிதறிக் கூர்மை குன்றும்.

அண்மையையும் சேய்மையையும் ஒருங்கே காண விழைவோர் வாயிலை அளவோடு சுருக்கிக்கொண்டு, அசையாமல் காத்திருக்க வேண்டும். பெரியவரின் படத்தில் பின் சன்னல் வெறுமையாகவே இருந்தது. அந்த வெறுமையும் தெளிவாக விழுந்திருந்தது.