ஆற்றலும் அடக்கமும்

மாணவர்களே, விழாக் காலங்களில் ஒலிபெருக்கி திடீரென ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். மேடையில் எவரும் பேசாதபோதும் அவ்வோசை எழுவதுண்டு. ஒலிபெருக்கியினின்று வெளிவந்த ஓசையில் ஒரு பகுதி மீண்டும் ஒலிவாங்கியுட் புகுகின்றது, புகுந்தது பெருகுகின்றது, பெருகியது மீண்டும் புகுகின்றது. இங்ஙனம் சுழன்று சுழன்று, பேச்சே இல்லாத இடத்தில் பேரிரைச்சல் பிறக்கின்றது. பெருக்கும் கருவி எதற்கும் நேரக்கூடிய இடர் இது.

தமிழே கற்றுத் தமிழே கற்பித்த யான், ஓய்வு பெற்ற பின்னர், எங்கள் தெருவில் வாழும் வானொலி அன்பர் ஒருவரிடம் மாணவனானேன். அவர் அரசின் உரிமம் பெற்று, தாமே அமைத்த கருவிகளைக் கொண்டு தொலைநாட்டாரோடு உரையாடுபவர். ஊதியம் கருதாது உவகை கருதி இதில் ஈடுபடுவோரை அமெச்சூர் வானொலியர் என்பர். இக்காலத்தில் பெரும்பாலான வானொலிக் கருவிகள் டிரான்சிஸ்டரால் இயங்குகின்றன. எனினும், மிக்க ஆற்றலோடு அலைகளைச் செலுத்த விழைவோர் பலர் வால்வுகளை இன்னும் கைவிட்டிலர்.

வால்வு என்பது காற்று நீக்கப்பெற்ற குழல். சூடேறிய எதிர்மின்வாய் எலெக்ட்ரான்களை வெளிவிடும். நேர்மின்வாய் அவற்றை ஈர்க்கும். இவ்விரண்டிற்கும் இடையே 1906-ஆம் ஆண்டில் லீ டி ஃபாரஸ்ட் என்னும் அமெரிக்கர் ஒரு கம்பியை அமைத்தார். கிரிட் எனப் பெயர் பெற்ற அதுவே பின்னர்க் கம்பிவலையாக வளர்ந்தது. மதகுப் பலகையைச் சிறிது உயர்த்தினால் ஏரிநீர் பெருகிப் பாய்வது போல, கிரிட்டில் தோன்றும் சிறு மாற்றம் பெரிய மின்னோட்டத்தை ஆளுகின்றது. ஆயினும் கிரிட்டும் நேர்மின்வாயும் அருகருகே இருத்தலால், தம்முள் தொடாவிடினும் சிறியதொரு மின்தேக்கிபோல் அமைகின்றன. விரைந்து அதிரும் வானொலி அலை அவ்வழியே பின்னோக்கிக் கசியும். ஊஞ்சலைக் காலமறிந்து தள்ளினால் அதன் ஆட்டம் வளருமன்றோ? அதுபோலக் கசிந்த அலை போதிய அளவில் காலம் ஒத்து வந்து சேருமாயின், வால்வு எவர் குரலுமின்றித் தானே அலைகளை எழுப்பத் தொடங்கும்.

இதனைத் தடுக்கும் வழிகள் சில. கசியும் அலைக்கு அளவில் ஒத்ததும் திசையில் எதிரானதுமான மற்றோர் அலையைச் சிறு மின்தேக்கி ஒன்றன் வழியே அனுப்பினால், ஒன்றை ஒன்று அழிக்கும். ஆலன் ஹேசல்டைன் என்னும் பேராசிரியர் இம்முறையில் அமைந்த வானொலிப் பெட்டியை 1923-இல் அறிவித்தார். செலுத்துகருவிகளுக்கும் இம்முறை உதவுகின்றது. கிரிட்டை நிலத்தோடு இணைத்து, உள்வழிக்கும் வெளிவழிக்கும் இடையே அதனையே சுவராக்குவதும் உண்டு.

இவற்றிற்கும் அடங்காத குறும்பு ஒன்றுண்டு. விநாடிக்கு 1 கோடியே 40 இலட்சம் முறை அதிரும் அலைக்கென அமைத்த கருவி, 10 கோடி முறைக்கு மேலும் அதிரத் தொடங்கிவிடும். இணைப்புக் கம்பிகளின் நீளமே அதற்கு இடந்தரும். ஆதலின் கம்பிகளைக் குறுக்கவேண்டும். நேர்மின்வாயின் வழியில் சில சுற்றுகளே உள்ள கம்பிச்சுருளையும், அதற்கு இணையாக ஒரு மின்தடையையும் வைப்பர். வேண்டிய அலை சுருள்வழியே தடையின்றிச் செல்லும். வேண்டாத விரைந்த அலை மின்தடையிற் புகுந்து வெப்பமாகித் தேயும்.

என் அன்பர் ஒரு திங்களில் பெருக்கியை அமைத்தார். அதனை அடக்கி நிறுத்த மூன்று திங்கள் உழைத்தார். உள்ளே பல்லாயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் உயிர்போக்கும் மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம். ஆதலின் ஒவ்வொரு முறையும் அதனை நிலத்திற் செலுத்தி நீக்கிய பின்னரே உள்ளே கைவைத்தார்.

“குரல் தொலைவு சென்றாற் போதாதோ? இத்துணை வருத்தம் எதற்கு?” என்று வினவினேன்.

“ஐயா, அடங்காத பெருக்கி நமக்குரிய இடத்தில் மட்டும் ஒலிக்காது, பிறர் பேசும் இடத்திலும் சென்று இரையும். அங்கே யாரேனும் உதவி வேண்டி மெல்லிய குரலில் அழைத்துக்கொண்டிருக்கலாம்” என்றார் அவர்.

அது வெறும் அச்சமன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, தொலைபேசிகள் பல அற்றுப்போயின. அந்நாளில் போர்ட் பிளேயர் என வழங்கிய நகரிலிருந்த அமெச்சூர் வானொலியரே, தவித்த குடும்பங்களின் செய்திகளைக் கடல் கடந்து கொண்டு சேர்த்தனர். அவ்வேளையில் அடங்காத கருவியொன்று அவர்கள் குரல்மேல் இரைந்திருப்பின், எத்தனை தாயர் தம் மக்கள் நலம் அறியாது வருந்தியிருப்பர்!

மாணவர்களே, நீங்களும் நாளை ஆற்றல் மிக்க கருவிகளை அமைப்பீர்கள். அவற்றின் வலிமையை அளக்குமுன், அவை வரம்பில் நிற்கின்றனவா என்பதை அளந்து அறியுங்கள்.