இத்தா நாட்களில் ஓர் உலக வரைபடம்

இத்தா இருக்கும் பெண்ணுக்குக் காலைப்பொழுது எப்படியோ கழிந்துவிடுகிறது. ஓதல், வருவோர் போவோர், சமையல் என்று ளுஹர் வந்துவிடும். ளுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரம்தான் நகர மறுப்பது. கணவனை இழந்தவர் 4 மாதம் 10 நாள் காத்திருக்க வேண்டும் என்று அல்பகரா அத்தியாயத்தின் 234ஆம் வசனம் வரையறுக்கிறது. அந்நாட்களில் அலங்காரம் இல்லை, நறுமணம் இல்லை, தேவையின்றி வெளியே செல்வதும் இல்லை.

புளியங்குடியில் எங்கள் வீட்டில் என் தாயார் அந்நாட்களைக் கழித்தபோது, அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடந்த ஒரு ஜிக்சா புதிரை என் மகள் எடுத்து வந்தாள். முன்பொரு விடுமுறையில் என் தம்பி துபாயிலிருந்து வாங்கி வந்தது. உலக வரைபடம், 500 துண்டுகள்.

முதலில் அம்மா வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை தானாகவே நீண்டது. எங்கள் ஊர் எலுமிச்சைச் சந்தையில் காயையும் பழத்தையும், பெரியதையும் சிறியதையும் பிரித்துக் குவிப்பதைச் சிறு வயது முதல் கண்டவர் அவர். அதைப் போலவே நிறம் வாரியாகத் துண்டுகளைத் தட்டுகளில் பிரித்தார். நேர்விளிம்பு உள்ளவை தனித் தட்டில். 25க்கு 20 என அமைந்த படமாதலால் விளிம்புத் துண்டுகள் மொத்தம் 86. சட்டம் கூடிய பிறகு நாடுகள் எளிதில் அமைந்தன, கடல்தான் வாட்டியது. எங்கும் ஒரே நீலம். அங்கே நிறம் உதவாது. துண்டின் வடிவத்தையே கண் தேட வேண்டும். ஒரு மாலை முழுவதும் இரண்டே துண்டுகள் பொருந்திய நாளும் உண்டு.

இப்புதிர் பிறந்ததே வரைபடமாகத்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் வரைபடக் கலைஞர், வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகள் புவியியல் கற்பதற்காக விற்றார். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த அமெரிக்கர்கள் அட்டைப் புதிர்களை வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் பொழுது போக்கினர். பொழுது கனத்தவர்களை இது அன்றே கண்டறிந்திருக்கிறது.

உறவினர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மவுத்தான வீட்டில் விளையாட்டா?" என்றார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் பலகையைத் தொடவில்லை. நான் எங்கள் மஹல்லாவின் ஆலிம் ஒருவரிடம் கேட்டேன். இத்தாவில் விலக்கப்பட்டவை இன்னின்னவை என்று எண்ணிச் சொன்னார். கைகள் சும்மா இருக்க வேண்டும் என்பது அவற்றில் இல்லை என்றார். பகடை ஆட்டத்தைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. இதிலோ பகடையும் இல்லை, பந்தயமும் இல்லை. தொழுகை தள்ளிப்போகக் கூடாது, அவ்வளவே. அதற்கு அம்மாவே வழி கண்டார்: பாங்கு சொன்னதும் பலகை கட்டிலுக்கு அடியில் போய்விடும். கைப்பேசியைப் பாங்குக்குக் கீழே வைக்கும் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அரபுநாட்டுப் பகுதி கூடிய அன்று அவர் வெகுநேரம் பேசவில்லை. அத்தா 19 ஆண்டுகள் தம்மாமில் வேலை பார்த்தவர். அம்மா அந்த ஊரைக் கண்டதில்லை. அது பாலைவனத்தின் நடுவே இருப்பதாகவே நினைத்திருந்தார். என் மகள் விரல் வைத்துக் காட்டினாள்.

"தம்மாம் கடற்கரையிலா இருக்கிறது?" என்றார் அம்மா. "உங்கள் அத்தா கடலைப் பற்றி ஒரு நாளும் எழுதியதில்லையே."

பிறகு அவரே பேசத் தொடங்கினார். கடிதங்கள் வந்த நாட்கள், வராத மாதங்கள், நான் பிறந்த செய்தி அத்தாவை எத்தனை நாள் கழித்து எட்டியது என்பது எல்லாம். மவுத்துக்குப் பிறகு அத்தாவைப் பற்றி அழாமல் அவர் பேசியது அன்றுதான்.

இத்தா முடிய மூன்று வாரம் இருக்கும்போதே படம் நிறைவடைந்தது. கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்றாள் என் மகள். அம்மா இணங்கவில்லை. தம் கையாலேயே கலைத்துப் பெட்டியில் இட்டார். மறுநாள் ளுஹர் தொழுதுவிட்டு, மூலைத் துண்டுகளைத் தேடத் தொடங்கினார்.